கோர்ஸ் எடுக்கும் முன் அந்த வேலையில் இருப்பவருடன் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும்

பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் என்ன பிடிக்கும் என்று கேட்டால், பாடத்தின் பெயரைத்தான் சொல்லும். பாடம் வேறு, வேலை வேறு. உயிரியல் பிடிக்கும் என்பதற்காக மட்டும் நர்சிங் ஒத்துவந்துவிடாது. நைட் டியூட்டி உண்டு, மணிக்கணக்கில் நிற்க வேண்டும், வலியில் கத்துகிறவரிடமும் பொறுமையாகப் பேச வேண்டும்.

அதனால் விண்ணப்பம் போடும் முன், அந்த வேலையில் இருக்கும் தெரிந்தவர் ஒருவருடன் முழுதாக ஒரு நாள் இருக்கச் சொல்லுங்கள். என் அண்ணன் மகளுக்குக் கோலமும் கணக்கும் உயிர். ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசுக்கு அனுப்பினோம். ஒரே மாடிப்படியை நான்காவது தடவையாகத் திருத்தி வரைந்துகொண்டிருந்தார்களாம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள், கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தைத் திறக்காமலே திரும்பிவந்தாள். இப்போது ஆர்க்கிடெக்ட் ஆவதற்கான பி.ஆர்க். படிப்பில் சேர, நாட்டா என்ற நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். அது 5 வருடப் படிப்பு, அதையும் முன்பே சொல்லிவிட்டோம்.

கல்லூரி, படிப்பு விவரங்களுக்குத் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ தளம் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

பிள்ளை திரும்பி வந்ததும் “பிடிச்சிருக்கா?” என்று கேட்காதீர்கள். உங்கள் முகத்துக்காக ஆமாம் என்றுவிடும். “எப்பப்பா மணி பார்த்தே?” என்று கேளுங்கள்.