இன்று என்ன நாள்? சிரிக்க வைக்கப் போய்ச் சறுக்கும் இடங்கள்

பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் தமிழ் வட்டம் மாதம் ஒருமுறை கூடும். முதல் பத்து நிமிடம் ‘இன்று என்ன நாள்’ நிகழ்ச்சி. அந்தத் தேதியை ஒட்டி நடந்த பழைய சம்பவத்தையோ சினிமாச் செய்தியையோ யாராவது ஒருவர் கலகலப்பாகச் சொல்ல வேண்டும். நான்கு வருடமாக இந்தப் பகுதியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நன்றாகப் பேசுகிறவர்களும் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

ஒரு சித்திரைத் திருநாள் கூட்டம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டைகின் என்ற கப்பல் வெடித்தது. அதில் பஞ்சுப் பொதிகள் இருந்தன, டன் டன்னாக வெடிமருந்து இருந்தது, தங்கக் கட்டிகளும் இருந்தன. வெடித்த வேகத்தில் கட்டிகள் பறந்து, ஒன்று ஒரு வீட்டுக் கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்தது. எங்கள் இளைஞர் ஒருவர் இதை எடுத்துக்கொண்டு, ‘கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும்’ என்று முடித்தார். கூடமே குலுங்கிச் சிரித்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. அப்புறம் காபி குடிக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “எங்கப்பா அன்னிக்கு டாக்ல டியூட்டி, தம்பி. அம்மா ராத்திரி முழுக்க வாசல்லயே உட்கார்ந்திருந்தாங்க. அவர் வரவே இல்ல.”

அந்த வெடிப்பிலும் தீயிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் மட்டும் 66 பேர். நாடு முழுவதும் ஏப்ரல் 14 தீயணைப்புப் படையினர் நினைவு நாளாக இருப்பதற்குக் காரணமே இதுதான். ஒரு தேதியில் சிரிப்பைத் தேடுகிறவர், அதே தேதியில் யார் எதை இழந்தார்கள் என்று முதலில் பார்த்துவிட வேண்டும். இதைப் பார்க்காமல் போவதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு என்பேன்.

அதற்காக அந்தக் கதையையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அடுத்த வருடம் அதே இளைஞர் அதை மறுபடி சொன்னார். இந்த முறை தீயணைப்பு வீரர்களிலிருந்து தொடங்கினார். தங்கக் கட்டி விழுந்த வீட்டுக்காரர் அதை அப்படியே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார் என்பதையும் சேர்த்துக்கொண்டார். “தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுத்தது, மனுஷர் திருப்பிக் கொடுத்துவிட்டார்” என்றபோது பாட்டியும் சிரித்தார்.

அடுத்த வம்பு ‘முதல்’ என்ற சொல்லில் வருகிறது. 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரி பந்தரிலிருந்து தானே வரை ஓடியதை ‘இந்தியாவின் முதல் ரயில்’ என்று சொல்லிவிடுவார்கள். அது முதல் பயணிகள் ரயில். சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றத்தில் 1837லேயே கல் ஏற்றிச் செல்லத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். ‘பயணிகள்’ என்ற ஒரு சொல்லை விட்டால் போதும், விஷயம் தெரிந்த ஒருவர் எழுந்து திருத்துவார், அதோடு சிரிப்பும் போச்சு. உண்மையை முழுசாகச் சொன்னால் வேடிக்கை கூடத்தான் செய்யும். அன்று 14 பெட்டிகள், சுமார் 400 விருந்தினர், 34 கிலோமீட்டர். இழுக்க சாஹிப், சிந்து, சுல்தான் என்று மூன்று என்ஜின்கள். தினமும் தானே லோக்கலில் ஒற்றைக் காலில் நிற்கிறவருக்கு 14 பெட்டிக்கு 400 பேர் என்ற கணக்கே போதும், சிரித்துவிடுவார்.

எண்ணிக்கையில் குழம்புவதும் உண்டு. ஐம்பதாம் ஆண்டு தொடங்குவது வேறு, ஐம்பது ஆண்டு நிறைவது வேறு. அறுபதாம் கல்யாணத்தை அறுபது முடிந்து அறுபத்தொன்று பிறக்கும்போதுதான் செய்கிறோம். வீட்டில் சரியாகச் செய்கிற இந்தக் கணக்கை மேடையில் ஏன் விட வேண்டும்? 1975ல் வந்த படத்துக்கு 2024லேயே பொன்விழா கொண்டாடினால் ஒரு வருடம் முந்திவிட்டோம் என்று அர்த்தம். காலண்டர் மாறிய கதையும் இப்படித்தான். அன்றைய ரஷ்யாவின் பழைய காலண்டர்படி அக்டோபரில் நடந்த ‘அக்டோபர் புரட்சி’ இன்றைய காலண்டரில் நவம்பர் 7ல் வரும். பழைய ஐரோப்பியத் தேதி என்றால் எந்தக் காலண்டர் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கம், தானாகவே சிரிப்பு வரும் செய்திக்கு மேல் நாம் மசாலா தூவுவது. போர்ச்சுக்கல் இளவரசியைக் கட்டிக்கொண்ட வகையில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸுக்குப் பம்பாய் சீதனமாகக் கிடைத்தது. 1668ல் அவர் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருடத்துக்குப் பத்து பவுண்டு வாடகைக்குக் கொடுத்துவிட்டார். இதை மாட்டுங்காவில் ஒற்றை அறைக்கு வாடகை கட்டுகிறவர்கள் நடுவே சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ராஜா ராணி வசனம் எழுதிச் சேர்த்தால் சிரிப்பு அமுங்கிவிடும். கேட்கிறவருக்கு எது நடந்தது, எது கற்பனை என்றும் குழப்பம்.

கடைசியாக ஒன்று. அந்தக் காலத்து மனிதர்களை விவரம் தெரியாதவர்களாகக் காட்டிச் சிரிக்க வைப்பது. இது எனக்குப் பொறுக்காது. 1931 அக்டோபர் 31ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ பற்றிப் பேச வந்த ஒருவர், படப்பெட்டி சென்னையில் வந்து இறங்கியபோது கூட்டம் பூத்தூவித் தேங்காய் உடைத்து வரவேற்றதைக் கிண்டல் செய்ய எழுதிவந்தார். ஒத்திகையில் நிறுத்திவிட்டேன். அதுவரை தமிழே பேசாத திரையில் முதல்முறையாகத் தங்கள் மொழியைக் கேட்கப் போகிறவர்கள் அவர்கள். தேங்காய் உடைத்ததில் என்ன தப்பு?

படத்துக்குள்ளேயே வேண்டிய வேடிக்கை இருக்கிறது என்றேன். கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசுவார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார், நடுவில் இந்தியும் வரும். காளிதாசன் கதையில் காந்தியின் ராட்டையைப் பற்றி ஒரு பாட்டு வேறு. போதாததற்கு இந்தத் தமிழ்ப்படத்தை எடுத்ததே நம்ம பம்பாயில். அவர் எல்லாவற்றையும் மாற்றி எழுதிவந்து சொன்னார். தமிழில் கேள்வி, தெலுங்கில் பதில் என்றதும் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா குரல் கொடுத்தார்: “எங்க வீட்லயும் அதேதான் சார். நான் தமிழ்ல கூப்பிடறேன், பேரன் இந்தியில வரேங்கறான்.” அன்றைக்கு அதற்குத்தான் பெரிய கைதட்டல்.