இரண்டு நாளில் ஃபுளோரன்ஸ்

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்கு இரண்டு நாள் பயணம் திட்டமிடுவோர், உஃபிசி ஓவியக்கூடமும் மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை நிற்கும் அகாதெமியாவும் வழக்கமாகத் திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும் என்பதால், கிழமையைப் பார்த்துவிட்டே ரயில் சீட்டு எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நேரம் குறித்த நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். உஃபிசிக்கு ஒரு முழுக் காலைப்பொழுதாவது வேண்டும். போத்திச்செல்லியின் ஓவியங்கள் முன் கூட்டம் சேருமுன் நேராக அங்கே போய்விடலாம்.

புருனெல்லெஸ்கி எழுப்பி 1436இல் நிறைவுற்ற பேராலயக் குவிமாடத்தில் ஏற 463 படிகள் உண்டு, மின்தூக்கி கிடையாது. குவிமாடத்தின் உட்கூட்டுக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே செல்லும் குறுகிய வழியில், மேலே போகப்போகச் சுவரே தலைப்பக்கம் சாய்ந்துவரும். ஆதலால் முழங்கால் வலி உள்ளவர்கள் கீழிருந்தே பார்த்துத் திருப்தியடைவது உத்தமம். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை கட்டாயம்.

சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்துக்கு அருகில் தங்கினால், இவை அனைத்துக்கும் நடந்தே போகலாம்.