கொழும்பில் வீட்டிலிருந்து படம் வரைகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒரு அறையை ஒதுக்கிப் படம் வரையத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் யூடியூப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் அடுக்குகிறார்கள். அந்த வீடியோக்களில் பலவும் குளிரான, காற்றில் ஈரம் குறைந்த ஊர்களில் எடுத்தவை. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இருக்கிற வீட்டுக்கு அதில் பாதி சரிவராது.

யன்னலையே எடுங்கள். வடக்கு யன்னல் என்றால் நேர் வெயில் வராது என்பார்கள். ஐரோப்பாவில் அது சரி. கொழும்போ பூமத்திய ரேகையிலிருந்து 7 பாகைகூட இல்லை, ஏப்ரல் முதல் வாரம் கழிந்தால் செப்டெம்பர் தொடக்கம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். அதனால் திசையை மட்டும் நம்பி மேசையைப் போடாதீர்கள், யன்னலுக்கு மேலே சன்ஷேட் இருக்கிறதா என்றும் பாருங்கள். உச்சி வெயிலை அது மறைத்துவிடும், ஆனால் மேற்கு யன்னலில் பின்னேரம் சரிந்து வருகிற வெயிலுக்குத் திரைதான் வேண்டும்.

எனக்கு அதிகம் மனம் நோகிறது பேப்பர் விஷயத்தில்தான். நீர்வர்ணத்துக்கான 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) தடித்த காட்டன் பேப்பரை விலை கொடுத்து வாங்கி, மலிவாகக் கிடைத்தது என்று மொத்தமாகவும் வாங்கி, அலுமாரிக்குப் பின்னால் சுவரோடு சாய்த்து வைத்துவிடுகிறார்கள். வர்ணத்தை உடனே உறிஞ்சிவிடாமல் இருக்க அந்தப் பேப்பரில் ஜெலட்டின் மாதிரி ஒரு பசை சேர்த்திருக்கும், ஈரக்காற்றில் நாள்பட நாள்பட அது கெட்டுப் பூஞ்சணமும் பிடிக்கும். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வானத்துக்கு ஒரு வோஷ், அதாவது தண்ணீராகக் கரைத்த வர்ணப் பூச்சு, போட்ட பிறகுதான் அங்கங்கே கறுத்த புள்ளிகளாக வர்ணம் உள்ளே இறங்கும், அதற்குப் பிறகு அந்தத் தாளைக் காப்பாற்ற வழியே இல்லை. தேவைக்கு மட்டும் வாங்குங்கள். இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடு, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

வர்ணப் பெட்டியை ஈரத்தோடு மூடுவதும் இதே மாதிரித்தான், பூஞ்சணம் வரும். தேன் அதிகம் சேர்த்த டியூப் வர்ணங்கள் நம் காற்றில் சரியாகக் காயாமல் பிசுபிசுவென்றே இருக்கும், பையில் கொண்டு திரிகிற பெட்டிக்கு அவை வேண்டாம். மையில் தொட்டு வரைகிற தொடுபேனாவின் நிப்பைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் உப்புக்காற்றில் கறள் பிடிக்கும். ஷெல்லாக் என்கிற அரக்குப் பிசின் கலந்த இந்தியன் இங்கை மை நிரப்பும் பேனாவில் ஊற்றவே கூடாது, உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

அலிசரின் கிரிம்சன் என்கிற சிவப்பு, ஒபேரா ரோஸ் என்கிற பளிச்சென்ற ரோஸ், இரண்டும் வெளிச்சத்தில் மங்குகிற நிறங்கள். ஸ்கேன் பண்ணிப் புத்தகத்துக்கு அனுப்புகிற படத்தில் தாராளமாகப் போடுங்கள். ஒருவர் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டப்போகிற மூலப் படத்தில் போடுவது அவருக்குச் செய்கிற அநியாயம்.

கடைசியாக, பின்டரெஸ்டை மட்டும் பார்த்து வரைவது. அப்படி வரைந்தால் எந்த ஊர்க்காரர் வரைந்தது என்றே தெரியாத படம்தான் வரும். பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹாரி பீரிஸ் வாழ்ந்த வீடு இப்போது சபுமல் பவுண்டேஷன் என்கிற ஓவியக்கூடம், 1943இல் தொடங்கிய இலங்கை நவீன ஓவியர்களின் '43 குழு'வின் ஓவியங்களை அங்கே கிட்ட நின்று பார்க்கலாம், தூரிகை எந்தப் பக்கம் இழுத்திருக்கிறது என்பதுகூடத் தெரியும். செட்டியார் தெருக் கோயில்களுக்கும் ஆடிவேல் திருவிழா நாட்களில் காலி வீதிக்கும் ஒரு சின்னக் கொப்பியோடு போங்கள். போனில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாமல், தேர் நகர முன்னம் இரண்டு கோடாவது அங்கேயே போடுங்கள்.