பூட் ஃபிளாஷில் எழுதும் முன்: போர்டை முடக்கும் தவறுகள்

டெவலப்மென்ட் போர்டுக்கு மின்சாரம் கிடைத்தவுடன் முதலில் ஓடுவது, சிப்புக்குள்ளேயே பதிக்கப்பட்டு யாராலும் மாற்ற முடியாதபடி இருக்கும் பூட் ரோம் நிரல். அது ஃபிளாஷில், அதாவது மின்சாரம் போனாலும் தரவு அழியாத நினைவக சிப்பில், குறித்த ஓர் இடத்தைப் போய்ப் பார்க்கும். எதிர்பார்த்த தலைப்பகுதி அங்கே இருந்தால் ஏற்றும், இல்லாவிட்டால் பெரும்பாலும் ஓர் எழுத்தைக்கூட அச்சிடாமல் அடங்கிவிடும். அந்த மௌனத்தைப் பார்த்து போர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். பல நேரங்களில் சிப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எழுதும் கட்டளையைத் தட்டுவதற்கு முன்பே தவறு நடந்திருக்கும். யு-பூட் போன்ற பூட்லோடரை (இயங்குதளத்தை ஏற்றித் தொடங்கிவைக்கும் நிரலை) எட்டுக் கால் எஸ்பிஐ நார் ஃபிளாஷில் (சில கம்பிகள் வழியாகவே பேசும் சிறிய ஃபிளாஷ் சிப்பில்) எழுதும்போது நேரும் தவறுகளையே இங்கே பார்க்கிறேன்.

திருத்தவே முடியாத தவறு மின்னழுத்தத்தில் நேர்வது. வின்பாண்ட் நிறுவன ஃபிளாஷ் சிப்பின் டபிள்யூ25கியூ128 என்ற பெயரை மட்டும் படித்துவிட்டு நிறுத்துபவர்கள் அதன் கடைசி எழுத்துகளைக் கவனிப்பதில்லை. ஜேவி என்று முடிந்தால் அது 3.3 வோல்ட் சிப். எஃப்டபிள்யூ அல்லது ஜேடபிள்யூ என்று முடிந்தால் 1.8 வோல்ட் சிப். இரண்டாவது வகையை 3.3 வோல்ட் புரோகிராமரில் (சிப்பில் எழுத உதவும் கருவியில்) நேரடியாக இணைத்தால் அது கெட்டுப்போக வாய்ப்பு உண்டு; இடையில் மின்னழுத்தத்தை இறக்கும் அடாப்டர் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் சிஎச்341ஏ என்ற கறுப்புப் புரோகிராமர் போர்டின் பரவலான வடிவத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஃபிளாஷின் மின்காலுக்கு 3.3 வோல்ட் வந்தாலும், தரவுக் கம்பிகள் 5 வோல்ட் வரை ஏறும். பலருக்கு அது வேலை செய்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் மல்டிமீட்டரை வைத்து அளந்து பார்க்காமல் அதை நான் எந்தப் போர்டிலும் இணைக்க மாட்டேன்.

சிப்பைக் கழற்றாமல் கிளிப் மாட்டி எழுதும்போது, புரோகிராமர் தரும் மின்சாரத்தைப் போர்டின் மற்ற பாகங்களும் சேர்ந்து இழுத்துக்கொள்ளும். அந்த அரைகுறை மின்சாரத்தில் பிராசஸரும் விழித்துக்கொண்டு அதே கம்பிகளில் பேசத் தொடங்கினால், சிப்பின் அடையாள எண் ஒவ்வொரு முறையும் வேறு வேறாகத் தெரியும். பிராசஸரை ரீசெட் நிலையில் பிடித்து வைப்பது இதற்கு நல்ல வழி. அடையாள எண் நிலையாக வராதவரை எழுதவே கூடாது.

நிலையாக வந்தபின் முதல் வேலை, இருப்பதை முழுவதும் படித்துச் சேமிப்பது. ஒருமுறை படித்தால் போதாது. இருமுறை படித்து இரண்டு கோப்புகளின் செக்சமும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணும்) ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். பூட்லோடரை மறுபடியும் கம்பைல் செய்துகொள்ளலாம். ஆனால் அதே ஃபிளாஷில் அந்தப் போர்டுக்கே உரிய மேக் முகவரியோ (நெட்வொர்க் அடையாள எண்ணோ) வைஃபை அளவீட்டுத் தரவோ இருந்தால், அவற்றை வேறு எங்கிருந்தும் பெற முடியாது.

எழுதும் இடத்தில் நேரும் குழப்பம்தான் மிகப் பரவலானது. ஆல்வின்னர் நிறுவனத்தின் பிராசஸர் சிப்களின் பூட் ரோம், மெமரி கார்டில் 8 கிலோபைட் தள்ளியும் எஸ்பிஐ ஃபிளாஷில் தொடக்கத்திலேயேயும் தேடும். ராக்சிப் நிறுவனத்தின் பிராசஸர்களில் கார்டுக்கான கோப்பு 64-ஆவது செக்டாரில் எழுதப்பட வேண்டும். எஸ்பிஐக்கு யு-பூட் தனிக் கோப்பே உருவாக்கித் தருகிறது, அதை 0-விலிருந்து எழுத வேண்டும். லினக்ஸ் போர்டுகளில் மட்டும் இந்தச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம்: ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலரில் பூட்லோடரின் இடம் ஹெக்ஸ் (16-ஐ அடிமானமாகக் கொண்ட எண் முறை) 1000, அதன் எஸ்3, சி3 வகைகளில் 0. ஆகவே ஒரு போர்டுக்கு எழுதப்பட்ட கட்டளையை இன்னொரு போர்டுக்கு அப்படியே நகலெடுப்பது, கதவு எண் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக வேறு தெருவில் கடிதத்தைப் போட்டுவிட்டு வருவது போன்றது.

யு-பூட்டின் கட்டளை வரியில் எண்கள் பொதுவாக ஹெக்ஸாகவே கொள்ளப்படும் என்பதை மறப்பவர்களுக்கு வேறு ஆபத்து காத்திருக்கிறது. ஒரு மெகாபைட் அளவுக்கு அழிக்க நினைத்து, பத்து லட்சம் என்று கணக்கிட்டு 1000000 என்று கொடுத்தால், அது ஹெக்ஸில் சரியாக 16 மெகாபைட். மேலே சொன்ன டபிள்யூ25கியூ128 என்ற 128 மெகாபிட் சிப்பின் முழுக் கொள்ளளவும் அதுதான். அழிக்காமல் எழுதுவதும் தவறே. நார் ஃபிளாஷில் எழுதும்போது 1-ஐ 0 ஆக்க மட்டுமே முடியும், 0-வை மீண்டும் 1 ஆக்க அழிக்கத்தான் வேண்டும். ஆகையால் பழைய தரவின் மேல் எழுதினால் இரண்டும் கலந்த, எதற்கும் உதவாத ஒன்றுதான் மிஞ்சும். அழிக்கும் அளவு 4 அல்லது 64 கிலோபைட் துண்டுகளாக இருப்பதால், அதே துண்டில் யு-பூட்டின் அமைப்பு மாறிகள் இருந்தால் அவையும் போய்விடும். தேவையான துண்டுகளை மட்டும் ஒப்பிட்டு, அழித்து, எழுதும் 'எஸ்எஃப் அப்டேட்' கட்டளை இருக்கும்போது, அழிப்பதையும் எழுதுவதையும் தனித்தனியாகச் செய்ய அவசியம் குறைவு.

எழுதி முடித்ததாகச் செய்தி வந்தாலும் நம்பாமல் திரும்பப் படித்து ஒப்பிடுங்கள். எழுத்துத் தடைக்கான பிட்கள் இயக்கத்தில் இருந்தால் சிப் கட்டளையைப் பேசாமல் புறக்கணித்துவிடும். 16 மெகாபைட்டுக்கு மேற்பட்ட ஃபிளாஷில் இன்னொரு விசித்திரம் உண்டு. லினக்ஸ் அதை நான்கு பைட் முகவரி முறைக்கு மாற்றிவிட்டு அப்படியே ரீபூட் செய்தால், மூன்று பைட்டில் கேட்கும் பூட் ரோமுக்குச் சரியான பதில் கிடைக்காது. மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுத்தால் பூட் ஆகி, ரீபூட் செய்தால் மட்டும் ஆகாத போர்டில் முதலில் இதைச் சந்தேகிக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் திரையில் எதுவும் வராவிட்டால், ஃபிளாஷைக் குறை சொல்வதற்கு முன் சீரியல் கன்சோலின் (போர்டின் செய்திகளைக் கம்பி வழியாகக் கணினித் திரையில் காட்டும் இணைப்பின்) வேகத்தைப் பாருங்கள். நொடிக்கு 115200 பிட் என்பது பழக்கம். ஆனால் பல ராக்சிப் போர்டுகள் 1500000 வேகத்தில் பேசுகின்றன, அந்த வேகத்தை எட்ட முடியாத யுஎஸ்பி சீரியல் கம்பிகளும் இருக்கின்றன. அதுவும் சரியாக இருந்து போர்டு பேசவில்லை என்றால், ஆல்வின்னரின் ஃபெல், ராக்சிப்பின் மாஸ்க்ரோம் போன்ற யுஎஸ்பி மீட்பு முறைகள் பூட் ரோமிலேயே இருப்பதால் ஃபிளாஷில் என்ன எழுதியிருந்தாலும் அவை அழிவதில்லை. அந்த முறைக்குள் நுழைய எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எந்த இரு புள்ளிகளை இணைக்க வேண்டும் என்பதைப் போர்டு நன்றாக ஓடும்போதே ஒருமுறை செய்து பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.