பன்னிரண்டு பேர், நான்கு வார இறுதிகள்: கொழும்பில் ஒரு குறும்படப் பயிற்சிப் பட்டறை நடத்துவது எப்படி

பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். நால்வராக மூன்று குழு. ஐந்தாவது ஆளைச் சேர்த்தால் அவருக்குச் செய்ய வேலை இருக்காது. சும்மா நிற்பவர் இயக்குநருக்குப் பக்கத்தில் போய் யோசனை சொல்லத் தொடங்குவார், அந்த நாளின் படப்பிடிப்பு குழம்பிவிடும்.

குழுவில் நான்கு பொறுப்புகள்: இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, தயாரிப்பு. நேரம் பார்ப்பது, கிளாப் அடிப்பது, ஷொட் விவரம் எழுதுவது, பிறகு எடிட்டிங்கில் உட்காருவது எல்லாம் தயாரிப்புக்காரரின் வேலை. ஒவ்வொரு பயிற்சிக்கும் பொறுப்பு மாறியே ஆக வேண்டும். "எனக்குக் கமராதான் வரும்" என்று ஒருவர் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். நுனியில் மைக் பொருத்திய பூம் தடியை இரண்டு மணித்தியாலம் பிடித்துக் கை வலித்தவர்தான், அடுத்த முறை இயக்குநர் கதிரையில் இருக்கும்போது ஒலிக்காரரைக் காத்திருக்க வைக்கமாட்டார். கூட்டாக வேலை செய்யும் பழக்கம் விரிவுரையில் வருவதில்லை, இந்த மாற்றத்தில்தான் வருகிறது. ஆகவே இதை மட்டும் தளர்த்தாதீர்கள்.

முதல் இரண்டு வார இறுதிகளில் ஒவ்வொரு குழுவும் நான்கு ஒரு நிமிடப் படங்களை எடுக்கட்டும், ஒரு நாளைக்கு ஒன்று, ஒவ்வொருவரும் ஒரு முறை இயக்குநர். மூன்றாவது வார இறுதி நான்கு நிமிடப் படம் ஒன்றின் படப்பிடிப்பு. நான்காவது எடிட்டிங்கும் திரையிடலும். திகதி குறிக்கும் முன் போயா நாட்களை, அதாவது பௌர்ணமி விடுமுறைகளைப் பாருங்கள். அன்று கடைகள் பல மூடியிருக்கும், விகாரைக்கு அருகில் என்றால் ஒலிபெருக்கி நாள் முழுக்கக் கேட்கும்.

ஒரு நிமிடப் பயிற்சிக்கு விதிகள் கடுமையாக இருக்கட்டும்: ஒரே இடம், ஆறு ஷொட், வசனம் இல்லை, இசை இல்லை. "ஒருவர் எதற்கோ காத்திருக்கிறார், கடைசியில் அது வருகிறது அல்லது வராமல் போகிறது" என்ற ஒரு வரி போதும். எழுத 45 நிமிடம், எடுக்க ஒன்றரை மணித்தியாலம், வெட்ட இரண்டு மணித்தியாலம், அன்று மாலையே திரையில். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளினால், எடுத்தபோது என்ன நினைத்தோம் என்பதே மறந்துவிடும். மத்தியானச் சோற்றுப் பார்சலுக்கு 11 மணிக்கு முன் சொல்லிவிடுங்கள். பசித்த குழு ஷொட்டைக் குறைக்காது, கவனத்தைத்தான் குறைக்கும்.

உபகரணம் குறைவாகவே தேவை. குழுவுக்கு ஒரு கமரா அல்லது நல்ல போன், முக்காலி, ஒரு பூம் மைக், உடையில் குத்தும் சிறிய லேபல் மைக் ஒன்று, காதை மூடும் ஹெட்போன், வெள்ளை ரெஜிபோம் (தெர்மகோல்) பலகை ஒன்று. புறக்கோட்டையில் வாங்கும் அந்தப் பலகையே முகத்தின் நிழல் பக்கத்துக்கு வெளிச்சம் திருப்பிக் கொடுக்கும். ஒரு பக்கத்தில் கறுப்புத் தாள் ஒட்டினால் வெளிச்சத்தை விழுங்கவும் உதவும்.

கமராவைச் செக்கனுக்கு 25 பிரேமிலும், ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரமான ஷட்டரை 1/50 செக்கனிலும் நிறுத்துங்கள். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போன் தானாகவே 30 பிரேமையும் வேறு ஷட்டரையும் தேர்ந்தெடுத்தால் டியூப் லைட்டும் மலிவான எல்.ஈ.டி. பல்பும் திரையில் பட்டை பட்டையாக ஓடும். போனில் இன்னொரு சிக்கல், பிரேம் வேகம் தானாக ஏறி இறங்குவது. தனியாகப் பதிந்த ஒலியோடு சேர்க்கும்போது முதலில் உதடு பொருந்தும், பத்து நிமிடத்தில் நழுவிவிடும். பிளாக்மேஜிக் கமரா போன்ற இலவசச் செயலியில் வேகத்தைப் பூட்டிவிட்டுப் பதியுங்கள். ஏற்கனவே எடுத்துவிட்டால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகே வெட்டத் தொடங்குங்கள்.

வெளிச்சம் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். இங்கே நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்பதால் கண்குழி கறுத்துப்போகும். 11 முதல் 3 வரை உள்ளேயோ, மரநிழலிலோ எடுங்கள். சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாலை 5.50க்கும் 6.30க்கும் இடையில்தான். காலி முகத்திடலில் அந்திக் காட்சி வேண்டுமென்றால் 5 மணிக்கே ஒத்திகை முடிந்திருக்க வேண்டும். மறைந்து அரை மணித்தியாலத்துக்குள் இருட்டிவிடும், இரண்டாவது கோணத்துக்கு நேரம் கிடைக்காது. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழையை எதிர்பார்த்து வெளிக்காட்சிகளைக் காலையில் வையுங்கள்.

ஒலியில்தான் புதியவர்களின் படங்கள் விழுகின்றன. கொழும்பில் அதற்குக் காரணங்களும் அதிகம்: காகம், ஹோர்ன், சீலிங் ஃபேன், மாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் விற்கும் ஓட்டோ. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டியில் கடற்கரைப் பக்க வீடு கிடைத்தால் அழகாக இருக்கும், ஆனால் கரையோர ரயில் பாதை அதற்குக் கீழேயே போகிறது. இடம் பார்க்கப் போகும்போது, படமெடுக்கப்போகும் அதே நேரத்தில் போய்க் கண்ணை மூடிப் பத்து நிமிடம் உட்காருங்கள். ரயில் நேரங்களைக் குறித்துக்கொண்டு வசனக் காட்சிகளை இடைவெளியில் வையுங்கள்.

ஃபேனையும் பிரிட்ஜையும் நிறுத்திவிட்டு எடுங்கள். பிரிட்ஜை மறுபடி போட மறக்காமல் இருக்க, வீடு திரும்பத் தேவையான சாவியை அதற்குள் வையுங்கள். லேபல் மைக்கைத் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். பட்டுச் சேலை உரசும் சத்தம் வசனத்தின் மேல் ஏறும், பருத்தி நல்லது. பூமைப் பிரேமுக்குச் சற்று வெளியே, வாயை நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பதிவு 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். ஒலி மீட்டரில் சாதாரணப் பேச்சின் உச்சம் -12 டெசிபலை ஒட்டி இருந்தால், நடிப்பவர் கத்தும்போதும் ஒலி உடையாமல் இருக்க இடமிருக்கும். ஒவ்வோர் இடத்தை விட்டுக் கிளம்பும் முன்னும் எல்லோரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிட வெறும் அறைச்சத்தத்தைப் பதியுங்கள். வெட்டுகளுக்கு நடுவே விழும் பள்ளத்தை நிரப்ப அது இல்லாமல் முடியாது.

நான்கு நிமிடப் படத்துக்கு வசனம் வரும். ஒரே பட்டறையில் கொட்டாஞ்சேனைக்காரரும், யாழ்ப்பாணத்தவரும், மலையகத்தவரும், முஸ்லிம் நண்பர்களும் இருப்பார்கள். எழுதியவரின் பேச்சை எல்லோர் வாயிலும் திணிக்காதீர்கள். "எங்க போறீங்க" என்று எழுதியிருக்கும், நடிப்பவர் வீட்டில் "எங்க போறியள்" என்றுதான் கேட்பார். காட்சியின் நோக்கத்தைச் சொல்லிவிட்டு, வரியை அவரையே தன் பேச்சில் மூன்று முறை சொல்லச் சொல்லி, அதையே பிரதியில் மாற்றுங்கள். நடிப்பு பாதி அங்கேயே சரியாகிவிடும்.

கமராவின் மெமரி கார்டுக்கு ஒருவரே பொறுப்பு. செக்கனுக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிகாபைட் போகும். இரண்டு டிஸ்கில் நகலெடுத்து, முதல், நடு, கடைசிக் கிளிப்புகளை ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழிக்கலாம்.

எடிட்டிங் பக்கத்தில் ஒரு சோதனை: மென்பொருளில் "கொழும்பு" என்று தட்டச்சுச் செய்யுங்கள். கொம்பும் காலும் பிரிந்தோ, புள்ளிவட்டத்தோடோ தெரிந்தால் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் உடையும். பிரீமியர் ப்ரோவில் கிராபிக்ஸ் அமைப்புகளுக்குள் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவு இருக்கிறது, அதை மாற்றினால் சரியாகும். உபதலைப்பு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம், ஆகவே வாசிக்கும் நேரத்தைக் கூட்டிக் கொடுங்கள். சிங்கள மொழிபெயர்ப்பை அம்மொழி பேசி வளர்ந்தவரிடம் காட்டாமல் படத்தில் பதிக்க வேண்டாம்.

ஒவ்வொரு படத்தையும் பார்த்த பின் 15 நிமிடக் கலந்துரையாடல். எடுத்தவர் முதல் பத்து நிமிடமும் வாய் திறக்கக்கூடாது. மற்றவர்கள் அபிப்பிராயம் சொல்வதற்கு முன், கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்ல வேண்டும். "நல்லா இருக்கு" என்பதால் எடுத்தவருக்குப் பயனில்லை. "அவர் கதவைத் திறந்தபோது கையில் கடிதம் இருந்தது, அடுத்த ஷொட்டில் இல்லை, கிழித்துவிட்டார் என்று நினைத்தேன்" என்றால் எந்த ஷொட்டைத் திருத்துவது என்பது தெரிந்துவிடும். கேள்விகள் அதற்குப் பிறகு, எடுத்தவரின் பதில் கடைசியில்.

நட்பு முறிவது பெரும்பாலும் படம் முடிந்த பிறகுதான். முதல் நாளே ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: பெயர்கள் எந்த வரிசையில், படம் யாருக்குச் சொந்தம், விழாக்களுக்கு அனுப்புவது யார், கட்டணம் யார் கட்டுவது, மூலப்பதிவுகள் யாரிடம் இருக்கும். இலங்கையில் பதிப்புரிமை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டுவிட்டால் நீங்கள் எழுதிய தாள் உதவாது. நடிப்பவர்களிடம் அவர்கள் வாசிக்கும் மொழியில் சம்மதக் கடிதம் வாங்குங்கள், 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளைப் பார்க்காமல் யோசிக்கவே வேண்டாம். ரயில் நிலையத்திலும் துறைமுகப் பக்கத்திலும் முன்அனுமதி இல்லாமல் முக்காலியை விரிக்காதீர்கள்.

திரையிடலுக்கு முதல் நாளே, அதே மண்டபத்தில், அதே லப்டொப்பில், அதே ஒலிபெருக்கியில் எல்லாப் படங்களையும் முழுதாக ஓட்டுங்கள். ஹெட்போனில் தெளிவாகக் கேட்ட வசனம் மண்டபத்தில் எதிரொலியில் மங்கும். அன்றிரவு இசையையும் சுற்றுச்சத்தத்தையும் வசனத்துக்குக் கீழே இன்னும் கொஞ்சம் இறக்கிப் புதிய பிரதி எடுத்து, இரண்டு பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள்.