இரண்டு ஹிக்ஸ் மாடலில் இசட்-2 சமச்சீர் போடுவது எப்படி?

ஹிக்ஸ் என்பது துகள்களுக்கு நிறை தரும் புலம், இந்த மாடலில் அது இரண்டு. இசட்-2 என்பது ஒவ்வொரு புலத்துக்கும் கூட்டல் அல்லது கழித்தல் குறி கொடுத்து, பெருக்கினால் கழித்தல் வரும் உறுப்புகளை அடித்துவிடும் விதி. இதைப் போட தாள், பென்சில், இரண்டுக்கு இரண்டு மேட்ரிக்ஸைச் சுழற்றத் தெரிந்த கை. இவ்வளவு போதும். ஊட்டி, குன்னூர் பக்கம் எம்.எஸ்சி. சேர்ந்த பிள்ளைகள் ஃபிளேவர் (எலக்ட்ரான், மியூவான் போன்ற துகள் வகை) என்றதும் நேராகக் கணினி நிரலைத் திறக்கிறார்கள், முதலில் அதை மூடி வையுங்கள்.

முதல் படி, சிக்கலைக் கையால் தொட்டுப் பார்ப்பது. ஸ்டாண்டர்ட் மாடலில் (அடிப்படைத் துகள்களின் வழக்கமான கோட்பாட்டில்) ஹிக்ஸ் ஒன்றுதான் என்பதால், நிறை மேட்ரிக்ஸை மூலைவிட்டமாக்கினால் ஹிக்ஸின் பிணைப்பும் கூடவே மூலைவிட்டமாகிவிடும். இரண்டு ஹிக்ஸ் இருந்தால் அப்படி நடக்காது. எலக்ட்ரான், அதன் கனமான உறவான மியூவான் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஹிக்ஸ் தரும் மேட்ரிக்ஸில் மூலைவிட்டத்தில் 1, 3, மற்ற இடம் பூஜ்ஜியம். இரண்டாவது தருவதில் மூலைவிட்டம் பூஜ்ஜியம், மற்ற இரு இடமும் 1. கூட்டியதுதான் நிறை மேட்ரிக்ஸ், அதை மூலைவிட்டமாக்க 22.5 பாகை சுழற்ற வேண்டும். சுழற்றியபின் தனித்தனியே பாருங்கள்: ஒன்றில் ஓரத்தில் (மூலைவிட்டத்துக்கு வெளியே) 0.707, மற்றதில் அதே எண் எதிர்க்குறியோடு. கூட்டினால்தான் பூஜ்ஜியம். உண்மையான ஹிக்ஸ் துகள்கள் இந்த இரண்டையும் வேறு வேறு விகிதத்தில் கலந்து பிணைவதால் பூஜ்ஜியமாகாது, மியூவான் எலக்ட்ரானாக மாற வழி திறந்துவிடும்.

அதனால் என்ன என்று கேட்கலாம். சுவிட்சர்லாந்தின் மெக் சோதனை 2016-ல் வெளியிட்ட முடிவுப்படி, மியூவான் எலக்ட்ரானும் போட்டானுமாகச் சிதைவது இரண்டு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. நம்ம ஊட்டி காஸ்மிக் கதிர் ஆய்வகத்தின் கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கி நாளுக்குச் சுமார் 400 கோடி மியூவான்களைப் பதிவு செய்கிறது, அந்த வேகத்தில் எண்ணினாலும் இரண்டு லட்சம் கோடி சேர 500 நாள் ஆகும். ஓரத்தில் 0.707 வைத்துக்கொண்டு இந்த எல்லைக்குள் தப்பிக்க, புது ஹிக்ஸைக் கண்டபடி கனமாக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி, குறி போடுவது. கிளாஷோவும் வெயின்பெர்க்கும் 1977-ல் சொன்ன வழி: ஒரே மின்னூட்டமுள்ள ஃபெர்மியான்கள் (குவார்க், எலக்ட்ரான் போன்ற பருப்பொருள் துகள்கள்) எல்லாம் ஒரே ஹிக்ஸிடமிருந்து மட்டும் நிறை பெறட்டும். அதற்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். முதல் ஹிக்ஸ், வலக்கை டவுன் குவார்க், வலக்கை எலக்ட்ரான் (மூன்று தலைமுறைக்கும், அதாவது இவற்றின் கனமான நகல்களுக்கும்) கழித்தல், மீதி எல்லாம் கூட்டல். வலக்கை, இடக்கை என்பவை ஒரே துகளின் இரு கூறுகள்.

மூன்றாம் படி, நிறை தரும் ஒவ்வொரு உறுப்பிலும் (இடக்கைத் துகள், ஹிக்ஸ், வலக்கைத் துகள் சேர்ந்த பெருக்கல்) குறிகளைப் பெருக்குங்கள். இடக்கை குவார்க், முதல் ஹிக்ஸ், டவுன்: கூட்டல், கழித்தல், கழித்தல். பெருக்கினால் கூட்டல், இருக்கட்டும். அதிலேயே இரண்டாவது ஹிக்ஸை வைத்தால் கழித்தல், அடித்துவிடுங்கள். அப் குவார்க்குக்கு இரண்டாவது ஹிக்ஸ் மட்டும் மிஞ்சும். இதற்குத்தான் டைப்-2 என்று பெயர். சோம்பல்படாமல் எல்லா உறுப்பையும் எழுதுங்கள், ஹிக்ஸ் நிலையாற்றலையும் விட்டுவிடக்கூடாது. இரண்டு ஹிக்ஸும் ஒவ்வொரு முறை வரும் இருபடி உறுப்பு கழித்தல்தான், ஆனாலும் பெரும்பாலோர் அதை வேண்டுமென்றே வைத்துக்கொள்வார்கள். சமச்சீர் துல்லியமாக இருந்து தானாக உடைந்தால் பிரபஞ்சத்தில் டொமைன் சுவர்கள் (வெவ்வேறு நிலையில் உறைந்த பகுதிகளுக்கு இடையிலான எல்லைகள்) மிஞ்சும், அது வேறு தலைவலி.

நான்காம் படியில்தான் நிறைய பேர் சறுக்குவது. இசட்-2 போட்டாச்சு, ஃபிளேவர் கவலை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். மரநிலையில்தான் (வளையங்கள் இல்லாத முதல் கட்டக் கணக்கில்தான்) கதவு மூடியிருக்கிறது. இந்த மாடலில் வரும் மின்னூட்டமுள்ள ஹிக்ஸ், துகள்கள் சற்று நேரம் தோன்றி மறையும் குவாண்டம் வளையத்துக்குள் புகுந்து, பாட்டம் குவார்க் ஸ்ட்ரேஞ்சும் போட்டானுமாகச் சிதைவதை மாற்றும். டைப்-2-ல் இதனால் அந்த ஹிக்ஸின் நிறை 500 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலேதான் இருக்க வேண்டும் என்று 2017 வாக்கிலான கணக்குகள் காட்டின.

சரி, இப்போது டவுன் குவார்க்கை மட்டும் கூட்டலாக்கி, எலக்ட்ரானைக் கழித்தலாகவே விட்டு மூன்றாம் படியைத் திரும்பப் போடுங்கள். குவார்க் எல்லாம் இரண்டாவது ஹிக்ஸிடமும் லெப்டான் முதல் ஹிக்ஸிடமும் வந்து நின்றால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள், அது டைப்-எக்ஸ்.