மெனுவில் ஹைலைட் நிறம்: பழைய வீட்டுக் கணினிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கமடோர் 64-இல் மெனு எழுதுபவர்கள் பெரும்பாலும் முதலில் சறுக்குவது 646 என்ற நினைவக முகவரியில்தான். அதில் புது நிற எண்ணைப் போக் செய்துவிட்டு (பேசிக் மொழியில் ஒரு முகவரியில் எண்ணை எழுதும் கட்டளை), திரையில் இருக்கும் வரி ஏன் மாறவில்லை என்று தேடுவார்கள். 646 இனிமேல் பிரிண்ட் ஆகப்போகும் எழுத்துக்கான நிறம் மட்டுமே. ஏற்கெனவே திரையில் நிற்கும் எழுத்தின் நிறம் 55296 முதல் 56295 வரை, கட்டத்துக்கு ஒன்றாக, தனி நினைவகத்தில் இருக்கிறது. எழுத்து இருப்பதோ 1024 முதல். இரண்டுக்கும் இடையே எப்போதும் 54272. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் 10-ஆம் வரியின் தொடக்கம் 1024 + 40 × 10 = 1424; அதன் நிறம் 55696-இல்.

அந்த நிறத்தைப் பீக் செய்து, அதாவது முகவரியிலிருந்து படித்து, ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், கீழ் 4 பிட்டை மட்டும் வைத்துக்கொள்ளும் 'ஆண்ட் 15' போட மறக்காதீர்கள். நிற நினைவகத்துக்கு 4 பிட்தான் உண்டு; மேல் 4 பிட்டில் வருவது வெறும் குப்பை. அதனால் ஒப்பீடு சில நேரம் சரியாகும், சில நேரம் தவறும். இப்படி வந்து வந்து போகும் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

ஒரு வரிக்கு மட்டும் பின்னணியை மாற்ற 53281-ஐத் தொடுவதும் வீண். அது முழுத் திரைக்குமான பின்னணி. வண்ணப் பட்டை வேண்டுமானால் எழுத்தைத் தலைகீழாக்க வேண்டும் (எழுத்தின் நிறமும் பின்னணி நிறமும் இடம் மாறும்), அதாவது திரைக் குறியீட்டில், 1024 முதல் இருக்கும் எழுத்து எண்ணில், 128 மதிப்புள்ள பிட்டை ஏற்ற வேண்டும். இங்கே பலரும் 128-ஐக் கூட்டுகிறார்கள். ஏற்கெனவே தலைகீழான எழுத்தில் இன்னொரு முறை கூட்டினால் மதிப்பு 255-ஐத் தாண்டி 'இல்லீகல் குவான்டிட்டி' (வரம்பு மீறிய எண்) என்ற பிழையோடு நிரல் நின்றுவிடும். ஏற்ற 'ஆர் 128', இறக்க 'ஆண்ட் 127' என்று எழுதினால் எத்தனை முறை ஓடினாலும் கெடாது.

பட்டை நகரும்போது பழைய வரிகளும் ஒளிர்ந்தபடியே நின்றால், காரணம் பெரும்பாலும் வரிசையில்தான். கீழ் அம்பு அழுத்தியதும் தேர்வு எண்ணைக் கூட்டிவிட்டு, அதன் பிறகு பட்டையை அழித்தால், அழிவது புது வரியின் பட்டை. முதலில் பழைய வரியை இறக்குங்கள், பிறகு எண்ணை மாற்றுங்கள், கடைசியில் புது வரியை ஏற்றுங்கள். பிரிண்ட் வழியாகப் பட்டை வரைபவர்கள் எல்லா வரிகளையும் வெற்றிடம் சேர்த்து ஒரே அகலத்துக்கு, உதாரணமாக 20 எழுத்துக்கு, வெட்டிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் பட்டை ஒரு வரியில் நீளமாகவும் அடுத்ததில் குட்டையாகவும் தெரியும்.

நிறத் தேர்வில் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பிந்தைய கமடோர் 64-களில் நீலமும் (6) பழுப்பும் (9) ஒரே ஒளி அளவு கொண்டவை. சிவப்பும் (2) அடர் சாம்பலும் (11) அப்படியே. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் இந்த ஜோடிகளில் எழுத்தே காணாமல் போகும்.

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமில் கணக்கு வேறு. நிறப் பகுதி 22528-இல் தொடங்கும் 768 பைட். ஒவ்வொரு பைட்டும் 8 × 8 புள்ளிக் கட்டம் ஒன்றுக்கு. மதிப்பு: எழுத்து நிறம் + 8 × பின்னணி நிறம், பிரகாசத்துக்கு 64, மினுக்கத்துக்கு 128. நீலப் பின்னணியில் பிரகாசமான வெள்ளை எழுத்து 64 + 8 + 7 = 79. பிரகாச பிட் இரண்டு நிறத்தையும் சேர்த்தே ஏற்றும், எழுத்துக்கு மட்டும் என்று கிடையாது. மெனு எழுத்தை 8 புள்ளி எல்லைக்கு வெளியே நகர்த்தி வரைந்தால், பட்டையின் ஓரம் பக்கத்து எழுத்தைப் பாதியாகக் கடிக்கும். பின்னணியை நீலமாக்கும் 'பேப்பர் 1' என்பதைத் தனி வரியாக எழுதினால் அது நிலைத்துவிடும், பிறகு பிரிண்ட் ஆகும் எல்லாமே நீலத்தில் வரும். பிரிண்ட் கட்டளைக்குள்ளேயே போட்டால் அந்தக் கட்டளையோடு முடிந்துவிடும்.

பிபிசி மைக்ரோவின் 7-ஆம் மோடில் (திரை முறையில்) நிறக் குறியீடே ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். நீலப் பட்டையில் வெள்ளை எழுத்துக்கு 132 (நீலம்), 157 (அதைப் பின்னணியாக்கு), 135 (வெள்ளை எழுத்து) என மூன்று கட்டங்கள் போக, 40-இல் மிஞ்சுவது 37. ஆகவே ஹைலைட் இல்லாத வரிகளின் தொடக்கத்திலும் மூன்று வெற்றிடம் விடுங்கள். தேர்வு மாறும்போது எழுத்துகள் பக்கவாட்டில் குதிக்காது.